பக்கவாட்டுப் புள்ளி

மாசி மகத்துக்கு முந்தின வாரம் ஸ்ரீமுஷ்ணத்தில் எங்கள் பழைய மாணவர்கள் கூடினார்கள். "சார், பழைய போட்டோவெல்லாம் நீங்களே பவர்பாயிண்டில் போட்டுக் கொண்டாந்துடுங்க" என்று ஒரு பையன் (அவனுக்கே ஐம்பது தாண்டிவிட்டது) போனில் சொல்லிவிட்டான். கரும்பலகையோடு காலம் தள்ளியவன் நான். இருந்தாலும் மறுக்க மனம் வரவில்லை.

முதலில் பூவராக சுவாமி கோயில் கோபுரம். செல்போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம். ஸ்லைடில் இரண்டு பக்கமும் வெற்றிடம். படத்தின் பக்கவாட்டுப் புள்ளியைப் பிடித்து இழுத்தேன். கோபுரம் வைக்கோல்போர் மாதிரி உட்கார்ந்துவிட்டது. சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

அடுத்தது 1987 பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ. அதையும் இழுத்து நிரப்பினேன். பின்வரிசைக் கடைசியில் நிற்பவர் எங்கள் பள்ளியில் மணி அடித்தவர். ஒற்றை நாடி உடம்பு. இப்போது தொந்தியும் தொப்பையுமாக யாரோ ஒருவர் நின்றார். அவருடைய மகள் முதல்நாள்தான் பேசியிருந்தது: "அப்பா போட்டோ ஒண்ணுகூட இல்லீங்க சார். தானே புயல்ல கூரையோட போயிடுச்சு." 2011 டிசம்பர் 30. நம் பக்கத்தில் யாருக்கு மறக்கும்?

ஜெராக்ஸ் கடைத் தம்பியிடம் ஓடினேன். 'ரீசெட் பிக்சர் அண்ட் சைஸ்' என்று ஒன்றை அழுத்தினான், மனிதர் மெலிந்தார். "மூலையைப் பிடிச்சு இழுங்க சார், நடுப்புள்ளியைத் தொடாதீங்க" என்றான். 2013 பதிப்பிலிருந்து ஸ்லைடு 16:9 ஆகிவிட்டதாம். என் படம் 4:3. க்ராப் செய்தால் ஸ்லைடு நிரம்பும், ஆனால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். மேலே வெட்டினால் பின்வரிசைக்குத் தலை இல்லை. கீழே வெட்டினால் தரையில் சம்மணமிட்ட பிள்ளைகள் இல்லை. ஸ்லைடையே 4:3 ஆக்கலாம் என்றான்; ஆக்கினாலும் அகலத் திரையில் ஓரம் காலியாகத்தானே கிடக்கும்? பின்னணியைக் கருப்பாக்கி, படத்தை முழுசாக நடுவில் வைக்கச் சொன்னேன்.

கூட்டத்தில் ஒருவன், "சார், படம் பத்தலையா? ரெண்டு பக்கமும் இருட்டா இருக்கே" என்றான். பதில் சொல்லவில்லை. அந்த அம்மா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றது. "கொஞ்சம் அப்படியே நிறுத்தி வைங்க சார்."

செல்போனை எடுத்து நிமிர்த்திப் பிடித்தது. அகலப் படத்துக்குப் படுக்கையாகப் பிடிக்க வேண்டும் என்று சொல்லப் போய், வாயை மூடிக்கொண்டேன். அதற்கு வேண்டியது கடைசியில் நின்ற அந்த ஒருவர்தான்.