மருமகனுக்கு ஒரு கிற்றார்

எமது தங்கை மாத்தளை மாவட்டத்தில், எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறாள். சென்ற தை மாதத்தில் அவளுக்குச் சீட்டு விழுந்தது. தோட்டத்துப் பெண்கள் 20 பேர் மாதந்தோறும் தலைக்கு 3,000 ரூபா போட்டு நடத்தும் சீட்டு அது. அந்த 60,000 ரூபாவையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு எம் வீட்டுக்கு வந்தவள், "அண்ணே, இவனுக்கு ஒரு கிற்றார் வாங்கிக் குடுங்க. கரண்டில போடுற மாதிரி இருக்கணுமாம். உங்களுக்குத்தான் அதெல்லாம் தெரியும்" என்று கூறி, முடிச்சை எமது கையில் வைத்தாள்.

"உங்களுக்குத்தான் தெரியும்" என்ற அந்தச் சொல் எம்மைச் சுட்டது. அதற்குக் காரணம் உண்டு.

இளமையில் நாமும் ஒரு கிற்றார் வாங்கினோம். முதற் சம்பளத்தில், வெளியூர்க் கடையொன்றில், மினுமினுப்பைக் கண்டு மயங்கி வாங்கியது. ஒரு மழைக்காலம் கழிவதற்குள் அதன் கழுத்து வளைந்துவிட்டது. தந்திகள் மேலெழுந்து நின்றன. அழுத்தி அழுத்தி விரல் நுனிகள் புண்ணாயின. "நமக்கு இசை வராது" என்று முடிவு செய்து அதைச் சுவரில் மாட்டினோம். ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்குப் பின், வாத்தியம் பழுது பார்க்கும் நண்பரொருவர் அதை எடுத்துப் பார்த்துச் சிரித்தார். "இதை யாராலும் வாசிக்க முடியாது. தந்தி இருக்க வேண்டிய உயரத்தைப்போல் இரண்டு மடங்கில் இருக்கிறது" என்றார். குற்றம் வாத்தியத்தில் இருந்தது. அதை நம்மிடத்தில் என்று எண்ணி முப்பது ஆண்டுகளைக் கழித்திருந்தோம். தங்கையின் மகனுக்கும் அவ்வாறு நேர்ந்துவிடக் கூடாது என்ற அச்சமே கைக்குட்டை முடிச்சைவிட எமக்குக் கனமாக இருந்தது.

மின்சாரத்தில் இணைக்கும் கிற்றார்தான் வேண்டுமென்று பையன் கேட்டது ஆடம்பரத்துக்காக அன்று. அவனுடைய பாடசாலை மண்டபத்தின் கூரை தகரம். மழை பெய்தால் பேசுகிறவர் குரலே கேளாது. ஆறு தந்திகளின் ஒலி எம்மாத்திரம்? ஒலிவாங்கியை முன்னால் நிறுத்தினாலோ, ஒலிபெருக்கியின் சத்தம் அதற்குள் திரும்பப் புகுந்து ஊளையிடும். வாத்தியத்துக்குள்ளேயே ஒலியைப் பிடிக்கும் பிக்கப் இருந்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும்.

அந்தப் பிக்கப் வேலை செய்யும் விதத்தை மாணவர்கள் அறிந்துகொள்வது நன்று. சில வகைப் படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் பிறக்கும். இதனைப் பிரான்சு நாட்டில் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்னும் சகோதரர்கள் 1880இல் கண்டறிந்தார்கள். கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதம் வந்ததும் அதே 1880இல்தான். தந்திகள் ஏறி நிற்கும் குதிரையின் வெள்ளைப் பட்டைக்கு அடியில் அத்தகைய பொருளாலான மெல்லிய கீற்றொன்றை வைத்துவிட்டால், தந்தியின் அதிர்வு ஒவ்வொன்றும் அதனை அழுத்தி மின்சாரமாக மாறும். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஓவேஷன் நிறுவனம் இம்முறையைக் கையாண்டு பிரபலமாக்கியது. பிறக்கும் மின்சாரம் மிக நலிந்ததாகையால், கிற்றாரின் விலாவில் 9 வோல்ட் பற்றரியுடன் ஒரு சிறு பெருக்கியும் இருக்கும்.

அயலவர் ஒருவர், "வீணை படிக்க வைத்தால் ஆகாதா?" என்று கேட்டார். ஆகும், ஆனால் பையனின் ஆசை கிற்றாரில் இருக்கிறது. அது இந்நாட்டுக்கு அந்நியமும் அன்று. 1966இல் மூன்ஸ்டோன்ஸ் குழுவைத் தொடக்கி மின்கிற்றாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொணர்ந்த கிளாரன்ஸ் விஜேவர்தன, அப்புத்தளை மலையில் பிறந்தவர். தமிழில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப் பாடல்களை அறியாத வீடு இலங்கையில் அருமை. வீணைக்கும் கிற்றாருக்கும் உறவுமுறை சொல்லலாம்: இரண்டிலும் தண்டி உண்டு, மெட்டு உண்டு, குதிரை உண்டு, முறுக்கும் பிரடை உண்டு. ஆகையால் நாம் அப்பெயர்களையே இங்கும் வழங்குகிறோம்.

மாசித் தேர் முடிந்த வாரத்தில் நாமும் மருமகனும் மாத்தளை நகருக்குப் புறப்பட்டோம். முத்துமாரியம்மன் ஆலயத்தில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திருகோணமலை வீதியில் இறங்கி நடந்தோம். எமது சட்டைப் பையில் பாடசாலை அடிமட்டம் ஒன்றும், கடதாசித் துண்டு ஒன்றும் இருந்தன. கடை இளைஞர் அவற்றைக் கண்டு, "என்ன ஐயா, வீடு கட்ட அளக்கப் போறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். நாமும் சிரித்தோம், அடிமட்டத்தைத் திரும்ப வைக்கவில்லை.

எமது தொகைக்குள் அடங்குவன இரண்டே இருந்தன. ஒன்று புதியது, 58,000 ரூபா. கருநீல முகப்பு கண்ணாடிபோல் மின்னியது. விலாவில் எண்கள் ஒளிரும் சிறு திரையும் ஐந்தாறு பொத்தான்களும் இருந்தன. மற்றது யாரோ கொடுத்துவிட்டுப் போன கைமாறிய கிற்றார், 48,000 ரூபா. மரத்தின் இயல்பான வெளிர் நிறம். ஒலித்துளைக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு கீறல். விலாவில் இரண்டே திருகிகள். மருமகனின் கண் புதியதைவிட்டு அகலவில்லை. உண்மையைச் சொன்னால் எமது கண்ணும் அப்படியே. தங்கையின் சீட்டுப் பணத்துக்குக் கீறல் விழுந்த சாமானைக் கொண்டுபோய்க் கொடுப்பதா என்று மனம் கூசியது.

ஆயினும் வந்த வேலையைத் தொடங்கினோம். முதலில் தண்டி. தலைப்பக்கமிருந்து ஒரு கண்ணை மூடி, துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் அதன் ஓரத்தைப் பார்க்க வேண்டும். இரும்புத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோகிராம் விசையுடன் தண்டியை இரவும் பகலும் இழுக்கின்றன. ஆகவே தண்டிக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடும்; சிறிதளவு வளைவை அதைத் திருகிச் சரிசெய்யலாம். முறுகிப்போன தண்டியை அந்தக் கம்பியாலும் காப்பாற்ற முடியாது. இரண்டு கிற்றார்களும் இதில் தேறின.

அடுத்தது தந்தியின் உயரம். பன்னிரண்டாம் மெட்டுக்கு மேலே, தடித்த தந்தியின் அடியில் இரண்டரை மில்லிமீற்றர் அளவு இடைவெளி இருந்தால் பழகுபவர் விரலுக்கு நலம். புதியதில் அவ்வாறே இருந்தது. பழையதிலோ மூன்றரை. எமது பழைய புண் விரல்கள் நினைவுக்கு வந்தன. ஆனால் தண்டி நேராக இருந்து உயரம் மட்டும் மிகுந்திருந்தால், குதிரைப் பட்டையின் அடியைத் தேய்த்து இறக்கலாம் என்று நண்பர் கூறியிருந்தார்.

மூன்றாவது சுருதி. பன்னிரண்டாம் மெட்டு, தந்தியின் நீளத்தைச் சரிபாதியாக்கும் இடம். வழக்கமான பெரிய கிற்றாரில் தந்தியின் நீளம் 648 மில்லிமீற்றர், அங்கே 324. அவ்விடத்தில் தந்தியை அழுத்தாமல் தொட்டு மீட்டினால் எழும் மணியோசையும், அழுத்தி மீட்டினால் எழும் ஓசையும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். பிசகினால் பையன் எவ்வளவு பாடுபட்டாலும் பாட்டு ஒட்டாது. பின்னர் ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி, இரைச்சல் உண்டோ என்று கேட்டோம். கடை இளைஞரின் பொறுமைக்கு இவ்விடத்தில் நன்றி கூறுகிறோம்.

குதிரை முகப்பலகையோடு ஒட்டியிருக்கும் ஓரத்தில் கடதாசித் துண்டை நுழைத்துப் பார்த்தோம். இரண்டிலும் அது நுழையவில்லை. நுழைந்திருந்தால் பசை விட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அதன்பின் மரம். ஒலித்துளையின் விளிம்பை வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் பலகையின் உண்மை தெரியும். முகப்பிலே காணும் மரக் கோடுகள் விளிம்பிலும் இறங்கிச் சென்றால் அது முழுப் பலகை; அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. புதியது ஒட்டுப்பலகை, கீறல் விழுந்தது ஸ்புரூஸ் என்னும் குளிர்நாட்டு ஊசியிலை மரத்தின் முழுப் பலகை. ஒட்டுப்பலகை இழிவானதன்று, ஈரத்தை அதுவே நன்கு தாங்கும். ஆனால் முழுப் பலகை தாராளமாக அதிரும். அந்த அதிர்வே ஓசை.

இவ்வளவு பார்த்தும் முடிவு எமக்கு வரவில்லை. அப்போது ஒன்று தோன்றிற்று. "தம்பி, நீ சுவரைப் பார்த்து நில்" என்று மருமகனிடம் சொன்னோம். கடை இளைஞர் இரண்டையும் மின்சாரத்தில் இணைக்காமல், ஒரே சிறு பாட்டை மாறி மாறி வாசித்தார். "இரண்டாவது, மாமா" என்றான் பையன். வரிசையை மாற்றி வாசிக்கச் சொன்னோம். "இப்ப முதலாவது" என்றான். திரும்பிப் பார்த்தவன், தான் தேர்ந்தது கீறல் விழுந்ததை என்று கண்டு சற்று வாடினான். பிறகு அதை வாங்கி மடியில் வைத்து, ஒரு தந்தியை மீட்டி, ஓசை அடங்கும் வரை காதைக் குனிந்து வைத்திருந்தான். வாட்டம் அதோடு போயிற்று.

கடைசியாகவே மின்சாரத்தில் இணைத்தோம். ஆறு தந்திகளும் சம அளவில் ஒலிக்கின்றனவா, வயரை அசைத்தால் கரகரப்பு எழுகிறதா என்று கேட்டறிந்தோம். திருத்துபவர் பட்டையைத் தேய்த்து இறக்கிய பின் மறுபடியும் கேட்டபோது மெல்லிய தந்தி ஒன்று நலிந்திருந்தது. பட்டையின் அடி இம்மியளவு சமமில்லாவிடினும், கீற்றின்மேல் அழுத்தம் குறைந்து அந்தத் தந்தி ஊமையாகிவிடுமாம். அவர் மீண்டும் சமமாகத் தேய்த்துத் தந்தார். உடனே கேட்டிராவிட்டால் அந்தக் குறையும் வீடு வந்து சேர்ந்திருக்கும்.

கணக்கு தங்கைக்கு ஒப்புவித்தபடியே இங்கும்: கிற்றார் 48,000, திருத்தக் கூலி 1,500, தடித்த உறை 5,500, தந்திகள் இரண்டு கட்டு 2,400, வயர் 1,600, பற்றரி 400. ஆக 59,400 ரூபா. மீதி 600. ஒலிபெருக்கி பாடசாலையில் இருப்பதால் அச்செலவு இல்லை. வாங்கப்போகும் ஏனையோரும் முழுத் தொகையையும் வாத்தியத்திலேயே முடக்கிவிடாமல், உறைக்கும் திருத்தத்துக்கும் ஒரு பங்கை ஒதுக்கிவைப்பது நன்று. வாசித்து முடிந்ததும் வயரைக் கழற்றிவிட வேண்டும். செருகியே இருந்தால் பற்றரி வீணாகக் கரையும். அடுப்புப் புகையும் ஈரச் சுவரும் மரத்துக்குப் பகை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது உறைக்குள்ளேயே உறங்கட்டும்.

மாலையில் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். லயத்து வாசலில் தங்கை காத்திருந்தாள். உறையைத் திறந்ததும் அவள் கண் கீறலில்தான் விழுந்தது. "இதுக்கா அண்ணே அம்புட்டுக் காசு?" என்றாள். நாம் முழுப் பலகையைப் பற்றியும் தண்டியைப் பற்றியும் விளக்கத் தொடங்கினோம். அவள் முகம் தெளியவில்லை. மாதம் 3,000 ரூபாவை எப்படி மிச்சம் பிடித்தாள் என்பது அவளுக்கல்லவா தெரியும்?

அவ்வேளையில் மின்சாரம் நின்றுவிட்டது. மலைப்பக்கத்தில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. மருமகன் திண்ணையில் அமர்ந்து, தனக்குத் தெரிந்த நாலைந்து சுரங்களையே திரும்பத் திரும்ப வாசித்தான். வயரும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. ஓசை லயத்தின் கடைசிக் காம்பரா வரை சென்றிருக்க வேண்டும். இருட்டில் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். கதவில் சாய்ந்து நின்ற தங்கை ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரத்தில் உள்ளே போய், நைந்த தன் நூற்சேலை ஒன்றை மடித்து எடுத்து வந்தாள்.

"உறைக்குள்ள இதைச் சுத்தி வைப்பா. குளிர் படாம இருக்கும்" என்றாள்.

அன்றிரவு நாமும் அதனை வாங்கி மடியில் வைத்தோம். முதல் தந்தியை முதல் மெட்டில் அழுத்தினோம். விரல் நோகவில்லை.