பிக்கப்பில் பிக்கப் இல்லை

எங்கள் பக்கம் 'பிக்கப்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, பின்னால் திறந்த தொட்டி வைத்த சிறிய சரக்கு வண்டி. இன்னொன்று, வண்டியின் இழுவைத் திறன். போன மாசி மாதம் என் தம்பி மகன் வீட்டுக்கு வந்து, "பெரியப்பா, பிக்கப்புல பிக்கப்பே இல்லைங்க" என்றான். அவன் பேச்சுக்குச் சிரித்தேன். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

சேலத்தில் லைட் செட், பந்தல், ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் தொழில் அவனுடையது. இரண்டு சக்கர டிரெய்லரில் ஏற்றிய ஜெனரேட்டர் ஒன்று வைத்திருக்கிறான். டிரெய்லரோடு சேர்த்து ஒரு டன்னுக்கு மேல் வரும். அதைப் பிக்கப்பின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போவார்கள். சமவெளியில் தொல்லை எதுவும் இல்லை. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்களை நம்பி மலையில் இரண்டு மூன்று இடங்களில் கடை போடுகிறவர்கள் இவனிடம் பேசி, முன்பணமும் கொடுத்துவிட்டார்கள். ஒத்திகை போல ஒரு முறை மலையேறிப் பார்த்ததில், பாதி வளைவு தாண்டுவதற்குள் வண்டி கரும்புகை கக்கி, முதல் கியரிலேயே மூச்சு வாங்கியிருக்கிறது.

இணையத்தில் தேடியவனுக்கு அமெரிக்கக்காரர்களின் வீடியோக்கள் கிடைத்திருக்கின்றன. அங்கே படகையும் குதிரையையும் வீட்டையும்கூட பிக்கப்பில் கட்டி இழுப்பார்கள். அதற்கென்று புகைக்குழாயை நாலு அங்குலத்துக்கு மாற்றுவது அவர்களிடம் ஒரு பெரிய வியாபாரம். கோவையில் ஒருவர் சைலன்சரை எடுத்துவிட்டு 'ஃப்ரீ ஃப்ளோ' குழாய் போட்டுத் தர 28,000 ரூபாய் கேட்டிருக்கிறார். கம்ப்யூட்டரிலும் கை வைத்து டீசலைக் கூட்டிக் கொடுத்தால் இன்னும் 12,000. "போடலாமுங்களா பெரியப்பா?" என்று கேட்கத்தான் வந்திருந்தான்.

நான் சேலம் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் 33 வருடம் இருந்தவன். மலைக்கு ஓடும் பஸ்களின் கீழே படுத்தே பாதி வாழ்க்கை போயிற்று. அதனால் இந்தக் கேள்விக்கு உடனே 'வேண்டாம்' என்று சொல்லிவிடவில்லை. புகைக்குழாயைப் பற்றி அவன் கேள்விப்பட்டது முழுப் பொய்யும் இல்லை.

எஞ்சின் என்பது காற்றை விழுங்கித் துப்பும் பொருள். ஒரு லிட்டர் டீசல் சரியாக எரியக் குறைந்தது பத்தாயிரம் லிட்டர் காற்று வேண்டும். அவ்வளவும் ஒரு வழியாக உள்ளே போய், சூடாகிப் பெருத்து, இன்னொரு வழியாக வெளியே வர வேண்டும். வெளியே போகும் வழி நெருக்கினால் உள்ளே வருவதும் குறையும். அதோடு ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். சேர்வராயன் கோயில் அதற்கும் மேலே, 1,600 மீட்டரைத் தாண்டி. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. பழைய டர்போ இல்லாத பஸ்கள் மேலே வர வரச் சோர்ந்து போனதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த நாளில் கண்டக்டர்கள் தண்ணீர்க் கேனைத் தயாராக வைத்திருப்பார்கள். ரேடியேட்டர் கொதித்தால் ஊற்ற வேண்டுமே.

டர்போ வந்தபின் கதை மாறியது. வெளியே போகும் புகையின் வேகத்திலேயே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதன் மறுமுனையில் இருக்கும் சக்கரத்தால் காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும் ஏற்பாடு அது. சுவிட்சர்லாந்துக்காரரான ஆல்ஃப்ரெட் பூக்கி 1905இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். டர்போவுக்கு முன்னால் அழுத்தம் அதிகமாகவும் பின்னால் குறைவாகவும் இருந்தால் சக்கரம் நன்றாகச் சுழலும். ஆகவே டர்போவுக்குப் பின்னால் குழாயை அகலமாக்கினால் கொஞ்சம் பலன் உண்டுதான். ஆனால் கம்பெனி கொடுத்த அளவு டீசலுக்குக் கம்பெனி கொடுத்த குழாயே போதும். குழாயை மட்டும் அகலமாக்கினால் சத்தம்தான் கூடும். இழுவை கூட வேண்டுமானால் டீசலையும் கூட்ட வேண்டும். டீசலைக் கூட்டினால் சூடு கூடும். டர்போவுக்குள் நுழையும் புகை 700 டிகிரியைத் தாண்டி நீண்ட ஏற்றம் முழுவதும் அப்படியே நின்றால் என்ன ஆகும்? பிஸ்டன் அலுமினியக் கலவை. சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். எண்ணெயும் தண்ணீரும் குளிர்விப்பதால்தான் பிஸ்டன் பிழைத்துக் கிடக்கிறது. அமெரிக்கக்காரன் அந்த வேலை செய்யும்போது புகைச் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்றையும் சேர்த்து மாட்டுவான். நம்மூர்க் கடைகளில் அந்தப் பேச்சையே நான் கேட்டதில்லை.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: பதிவுப் புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. சத்தத்துக்கும் புகைக்கும் பிரிவு 190இன் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதம், சிறைக்கும் இடம் உண்டு. பல ஊர்களில் பறிமுதல் செய்த சைலன்சர்களை ரோடு ரோலர் ஏற்றி நசுக்கிய படங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவனுடையது பி.எஸ். 4 வண்டி. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் வண்டியாக இருந்தால் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி, சென்சார் என்று ஏகப்பட்டது இருக்கும். அதைக் கழற்றினால் வண்டியே கோபித்துக்கொண்டு விளக்கைப் போட்டு, இழுவையைக் குறைத்துவிடும்.

"முதல்ல வண்டியக் கொண்டா. ராத்திரி முழுக்க நிக்கட்டும். காலையில நான் பார்க்காம ஸ்டார்ட் பண்ணாதே" என்றேன்.

குளிர்ந்த எஞ்சினை எழுப்பும்போது பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. நாலைந்து நிமிடத்தில் மெல்லத் தேய்ந்து மறைந்தது. இது எனக்குப் பழைய சிநேகிதன். எஞ்சினிலிருந்து புகை வெளிவரும் மேனிஃபோல்டின் கேஸ்கட் எரிந்து போயிருந்தால் இப்படித்தான். இரும்பு சூடாகி விரிந்ததும் இடைவெளி குறைந்து சத்தம் அடங்கிவிடும், அதனால் டிரைவர்கள் கவனிக்க மாட்டார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் இணைப்பின் ஓரத்தில் மை தீட்டியது போல் கரி. டர்போவைச் சுழற்ற வேண்டிய புகை அதற்கு முன்னாலேயே கசிந்து போனால் டர்போ எப்படிச் சுழலும்? காற்றுப் போதாமல் டீசல் அரைகுறையாக எரிகிறது. அதுதான் அந்தக் கரும்புகை.

இரண்டாவது, டர்போவிலிருந்து காற்றைக் கொண்டு போகும் ரப்பர் ஹோஸ். கிளாம்ப் அருகே எண்ணெய் வேர்த்திருந்தது. விரலால் அழுத்தினால் வெடிப்பு வாயைத் திறந்தது. மூன்றாவது வண்டிக்கு அடியில். ஏதோ எஸ்டேட் பாதையில் கல் இடித்து, புகைக்குழாய் ஓரிடத்தில் நசுங்கி, பாதி வாய்தான் மிச்சம். நாலு அங்குலக் குழாய் போட நினைத்தவன் வண்டியில் ஒரு அங்குலக் குழாயை வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறான்.

கேஸ்கட், புது ஸ்டட்டுகள், ஹோஸ், கிளாம்ப், ஏர் ஃபில்டர். நசுங்கிய துண்டை வெட்டி எடுத்துவிட்டு அதே விட்டத்தில், மடிப்பு விழாமல் வளைத்த குழாயை வைத்துப் பற்றவைத்தோம். தொங்கும் ரப்பர்களையும் மாற்றினோம். பட்டறைக் கூலியோடு 9,000 ரூபாய்க்குள் முடிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை டிரெய்லரோடு அடிவாரத்திலிருந்து இரண்டாவது கியரில் ஏறி வந்தான். கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் முதல் கியர். புகை இல்லை. இருபதாவது வளைவைத் தாண்டி நின்று போன் செய்தான். குரலில் தெம்பு தெரிந்தது.

அதோடு அவன் வரையில் விஷயம் முடிந்தது. என் வரையில் முடியவில்லை.

ஏறுவது பாதிதான். டீசல் எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு. பெட்ரோல் எஞ்சினைப் போலக் காற்று வரும் வழியை அடைக்கும் தட்டு அதை ஓட்டுவதற்குத் தேவையில்லை. ஆகவே காலை எடுத்தாலும் வண்டியைப் பிடித்து நிறுத்தும் குணம் அதற்குக் குறைவு. பிஸ்டன் அமுக்கிய காற்றே வில் போலத் திருப்பித் தள்ளிவிடும். இதற்காகத்தான் மலைக்கு ஓடும் பஸ், லாரிகளின் புகைக்குழாயில் எக்ஸாஸ்ட் பிரேக் என்று ஒன்றை வைத்தார்கள். டிரைவரின் காலருகே பொத்தான். அழுத்தினால் டீசல் நின்று, குழாய்க்குள் ஒரு தட்டு திரும்பி வழியை அடைக்கும். வெளியேற முடியாத காற்றை எதிர்த்துப் பிஸ்டன் திணறும். அந்தத் திணறலில் வண்டி அடங்கும். பாருங்கள் வேடிக்கையை: ஏறும்போது எந்தக் குழாய் திறந்திருக்க வேண்டும் என்று தவிக்கிறோமோ, இறங்கும்போது அதே குழாய் அடைத்திருக்க வேண்டும். சேர்வராயன் மலையிலிருந்து மேட்டூர் மால்கோ ஆலைக்குப் பாக்சைட் ஏற்றிக்கொண்டு இறங்கிய லாரிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அந்த உறுமல் அடுத்த மலைவரை கேட்கும்.

இவன் பிக்கப்பில் அது கிடையாது. டிரெய்லரில் பிரேக்கே கிடையாது.

ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். வண்டி, ஜெனரேட்டர், ஒயர், விளக்கு, பையன்கள் எல்லாம் சேர்ந்து மூன்று டன். ஏற்காட்டிலிருந்து அடிவாரம் 1,200 மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் வெளியாகும் சக்தி, நூறு லிட்டருக்கும் அதிகமான பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அவ்வளவு சூட்டையும் பிக்கப்பின் நாலு சக்கர பிரேக்கும் எஞ்சினும்தான் தின்ன வேண்டும். பிரேக் லைனிங் சூடேறினால் வழுக்கும், பிரேக் எண்ணெய் கொதித்தால் பெடல் தரையைத் தொடும். பின்னால் ஒரு டன் பிரேக் இல்லாமல் தள்ளிக்கொண்டே வரும். வளைவில் திருப்பும்போது அந்தத் தள்ளல் பக்கவாட்டில் விழுந்தால் டிரெய்லர் வண்டியை மடக்கிவிடும்.

"ரெண்டு வருஷமா தர்மபுரி, ஆத்தூரெல்லாம் போய்ட்டு வரோமுங்க பெரியப்பா. ஒண்ணும் ஆகலையே" என்றான்.

நான் பதில் சொல்லவில்லை. 2024 ஏப்ரல் 30ஆம் தேதி சாயங்காலம் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பஸ் பள்ளத்தில் விழுந்ததை அவனும் மறக்கவில்லை. அன்று விளக்கு ஏற்பாடு ஒன்றுக்காக மலையில் இருந்தவன், வழி அடைபட்டு ராத்திரி என் வீட்டில்தான் தங்கினான். சாப்பாடு இறங்கவில்லை அவனுக்கு. கொஞ்ச நேரம் கழித்து, "எவ்ளோ ஆகுமுங்க?" என்றான்.

குழாய்க்கு ஒதுக்கிய பணத்தில் மிச்சம் இருந்தது. சேலத்தில் டிராக்டர் டிரெய்லர் செய்யும் பட்டறையில், முன்வண்டி வேகம் குறைந்ததும் கொக்கி தானாக உள்ளே அமுங்கி டிரெய்லரின் டிரம் பிரேக்கைப் பிடிக்கும் ஏற்பாட்டைச் செய்யச் சொன்னேன். 23,000. கொக்கி கழன்றால் பிடித்து நிறுத்த இரண்டு சங்கிலி, குறுக்காக. பின்விளக்கு. டிரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனம்தான், அதற்கும் தனிப் பதிவு வேண்டும். அந்தக் காகிதங்களையும் எடுத்து வரச் சொன்னேன். முகம் சுளித்தான், எடுத்து வந்தான். பிறகு அவனுடைய டிரைவர் பையனை உட்கார வைத்து, எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு, நியூட்ரல் போடாதே, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராதே, ஏறி வருகிற வண்டிக்கு நின்று வழி விடு, நிறுத்தினால் சக்கரத்துக்குக் கட்டை போடு என்று சொன்னேன். அந்தக் காலத்துப் பஸ்களில் கட்டை போடுவதற்கென்றே கிளீனர் கதவோரம் தொங்கிக்கொண்டு வருவான். பையன் 'சரிங்க ஐயா' என்றான். இருபத்திரண்டு வயது. எவ்வளவு காதில் ஏறியது என்று சொல்ல முடியாது.

திருவிழா அன்று சாயங்காலம் கோயில் பக்கம் நடந்து போனேன். குகைக்குள் குனிந்து போய் சேர்வராயனையும் காவேரியம்மனையும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், உச்சியின் சமதரையில் காற்று ஆளைத் தள்ளுகிறது. சுற்றுக் கிராமங்களின் மலைவாழ் மக்கள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். கடைகளின் விளக்குகள் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தன. ஜெனரேட்டர் சத்தம் கூட்டத்துக்கு எட்டாதபடி பையன் அதைச் சரிவுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தான். டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை இருந்தது.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அடிவாரத்திலிருந்து போன் வந்தது. இறங்கி வர வழக்கத்தைவிட இருபது நிமிடம் அதிகம் ஆனதாகவும், பின்னால் வந்த கார்க்காரர்கள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டியதாகவும் பையன் புகார் சொன்னான். டிரம்மைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "சுடுதுங்க, ஆனா கை வைக்கலாமுங்க" என்றான்.