கடலோடிகளின் சாட்சியம்



திருமறையின் மிக நீண்ட வசனம் எது என்று மதரஸாவில் கேட்டால், ஆயத்துல் குர்ஸி என்று சில பிள்ளைகள் முந்திக்கொண்டு கூறுவர். அது கடன் பற்றிய வசனம். சூரத்துல் பகராவின் 282ஆவது. கொடுக்கல் வாங்கல் சிறிதாயினும் பெரிதாயினும் எழுதி வைப்பதில் சோர்வடையலாகாது என்றும், அழைக்கப்பட்டால் சாட்சிகள் மறுக்கலாகாது என்றும் அது போதிக்கிறது. வழக்கமாக வணிகத்தோடு பொருத்தியே இதன் பாடம் நடைபெறும். பெரிய முதலியார்சாவடிக் கடற்கரையில் நிற்கும்போது வேறொரு கணக்கும் எங்கள் நினைவுக்கு வருகிறது.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி என ஊர்கள் தொடரும். இன்னும் வடக்கே மரக்காணத்து உப்பளங்கள். இக்கரையின் மணல் ஓரிடத்தில் நிற்பதன்று. தென்காற்று வீசும் மாதங்களில் அலைகள் அதை வடக்கே தள்ளும். வாடைக் காலத்தில் ஒரு பகுதியைத் தெற்கே திருப்பும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கே செல்வதே மிகுதி. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபின் அந்த மணல் தெற்கிலேயே தங்கியது. வடகரை பட்டினி கிடந்தது. நகரத்தைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். அரிப்போ நிற்கவில்லை, கல் முடிந்த இடத்திலிருந்து வடக்கேயுள்ள குப்பங்களுக்கு நகர்ந்தது.

இதை முதலில் கண்டவர்கள் மீனவர்களே. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் கடலைச் சுட்டி, "அஜரத்து, அதோ அலை உடையுது பாருங்க, அங்கதான் நாங்க வலை காயவெச்சோம்" என்பார். எந்த ஆண்டில், எத்தனை அடி என்று கேட்டால், "பெரிய புயலுக்கு முந்தி" என்பதே விடை. அவர் சொல்வதில் பொய்யில்லை. ஆயினும் அறிவியலாளரின் மேசைக்குத் தேதியும் அளவும் வேண்டும். தேசியக் கடற்கரை ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2016 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, இந்தியக் கடற்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்படுவதாக 2018இல் அறிவித்தது. பெரியவர் அறிந்த செய்தி, அவரது வாய்மொழி இல்லாமலேயே, வானத்திலிருந்து வந்து சேர்ந்தது.

கடலோடிகள் எழுத அறியாதவர்கள் என்று எவரும் எண்ணிவிடலாகாது. ஜுல்பாரில் பிறந்த அஹ்மத் இப்னு மாஜித், காற்றும் விண்மீனும் துறையும் பற்றித் தாம் கற்றதையெல்லாம் 1490ஆம் ஆண்டளவில் பெருநூலாக எழுதி முடித்தார். பருவக்காற்றைக் குறிக்கும் 'மான்சூன்' என்னும் சொல்லே நம் 'மவ்சிம்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். அரபு மாலுமிகள் 'கமால்' என்றழைத்த பலகையை நம் சோழமண்டலக் கரை மாலுமிகள் 'இராப்பலகை' என்றனர். முடிச்சிட்ட கயிறொன்றைப் பல்லில் கவ்விப் பலகையை நீட்டி, துருவ விண்மீனின் உயரத்தை அளப்பார்கள். 1850இல் கேப்டன் காங்கிரீவ் என்னும் ஆங்கிலேயர் இதைச் சென்னையின் ஆய்விதழ் ஒன்றில் பதிவு செய்தார். கருவி நம்முடையது, பதிவு அவருடையது. இந்தப் பங்கீடு எங்களுக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்கக் கடற்படை அதிகாரி மாத்யூ மௌரி ஓர் எளிய பேரம் பேசினார். பயணத்தில் கண்ட காற்றையும் நீரோட்டத்தையும் எழுதிக் கொடுக்கும் கப்பல் தலைவர்களுக்குத் தம் கடல் வரைபடங்களை இலவசமாகக் கொடுத்தார். 1853இல் பிரஸ்ஸல்ஸில் பல நாடுகள் கூடி, கப்பல்கள் ஒரே முறையில் குறிப்பெழுத இசைந்தன. அவ்வழி இன்றும் உயிரோடிருக்கிறது. வணிகக் கப்பல்கள் தாமாகவே வானிலைக் குறிப்புகளை அனுப்புகின்றன. உலகைச் சுற்றும் பாய்மரப் பந்தய வீரர்கள் ஆர்கோ மிதவைகளைக் கடலில் இறக்கிச் செல்கின்றனர். 2013இல் இங்கிலாந்தின் பிளிமத்தில் தொடங்கிய ஆய்வொன்று இன்னும் எளிது. 30 சென்டிமீட்டர் அகலமுள்ள வெள்ளைத் தட்டை அளவுக்கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்க வேண்டும். நீரிலுள்ள நுண்ணுயிர்த் தாவரங்களின் பெருக்கம் அதிலிருந்து தெரியவரும். கட்டுமரத்திலிருந்தும் செய்யலாம்.

நம் பக்கத்து ஊர்களுக்கும் இதில் பங்குண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. இணையத்தில் வரும் அலையுயர முன்னறிவிப்பு வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி வழியே மீனவர் காதுக்கு எட்டியது. 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்த நல்லவாடு இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியறிந்து ஊருக்குத் தொலைபேசினார். அந்த ஒலிபெருக்கி அலறியது. மக்கள் ஓடிப் பிழைத்தனர். அல்ஹம்துலில்லாஹ். மீன்பிடிக்காக வைத்த கருவி உயிர் காத்தது.

அதன்பின் ஐதராபாத்தில் 2007இல் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் வந்தது. ஆழ்கடலின் தரையில் நீரழுத்தத்தை அளக்கும் கருவி, மேலே மிதக்கும் மிதவைக்கு ஒலியால் செய்தி சொல்லும். மிதவை செயற்கைக்கோளுக்குச் சொல்லும். சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் மிதவைகளைப் பராமரிக்கிறது. இங்கேதான் மனம் நோகும் செய்தி. மிதவையின் நிழலில் மீன் கூடும். மீன் கூடும் இடத்தில் படகு கூடும். மிதவையில் படகைக் கட்டுவதாலும், வலை சிக்குவதாலும், சூரியத்தகடு முதலிய பாகங்கள் களவு போவதாலும் அவை ஊமையாகிவிடுகின்றன. பேசவேண்டிய நாளில் பேசாமலிருந்தால் இழப்பு கரையிலுள்ள நமக்கே. அமானிதத்தைப் பேணுதல் என்பது பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்துவைத்த நகையோடு முடிவதன்று.

எனினும் மீனவரை மட்டும் குறைகூற எங்களுக்கு மனம் வரவில்லை. நடுக்கடலில் மஞ்சள் நிறத்தில் ஆடும் அப்பொருள் எதற்கு என்று அவருக்கு யார் சொன்னார்கள்? அண்மை ஆண்டுகளில் அதிகாரிகள் குப்பங்களுக்குச் சென்று விளக்குவது நல்ல மாற்றம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கியிருந்த குமரி மாவட்ட மீனவருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கரைக்கு மட்டும் எட்டும் அறிவு கடலில் இருப்பவருக்கு உதவாது என்பது அத்தனை உயிர்களைக் கொடுத்த பின்னரே விளங்கியது. 2019இல்தான் செயற்கைக்கோள் வழியே படகுக்கே செய்தி அனுப்பும் 'ஜெமினி' கருவி அறிமுகமானது. மௌரியின் பேரத்தில் கொடுத்தவருக்கு உடனே ஒன்று திரும்பக் கிடைத்தது. நம் நாட்டில் மீனவரிடம் கேட்டுச் செல்லும் ஆய்வாளர் பலர். முடிவைத் தமிழில் கொண்டுவந்து காட்டுபவர் சிலரே.

சிட்னியில் 2017இல் தொடங்கிய 'கோஸ்ட்ஸ்னாப்' திட்டத்தில், கரையில் நட்ட தாங்கியில் கைபேசியை வைத்துப் பொதுமக்கள் ஒரே கோணத்தில் படமெடுப்பர். அப்படங்களிலிருந்து கரைக்கோட்டின் நகர்வைக் கணிப்பார்கள். நம்மிடம் தாங்கி இல்லை. ஒரு சிமெண்டுத் தூணும் அளவுநாடாவும் உண்டு. எங்கள் மாணவர்கள் பிறை 1 அன்றும் 15 அன்றும் அஸருக்குப் பின் தூணிலிருந்து நீர்விளிம்புவரை அளந்து நோட்டில் எழுதுகின்றனர். ஏற்றவற்றம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆதலால் கண்ட நாளில் அளந்தால் கணக்கு குழம்பும். ஹிஜ்ரித் தேதியைப் பிடித்துக்கொண்டால் நிலவின் நிலை ஒன்றாயிருக்கும், ஒப்பிடுவது எளிது. ஆங்கிலத் தேதியையும் மணியையும் அருகே குறிக்கிறார்கள்.

பெரியவர் இதைக் கேட்டுச் சிரித்தார். "எங்க அமாவாசைக் கணக்கும் உங்க பிறைக் கணக்கும் ஒண்ணுதானே அஜரத்து." இப்போது அளக்கும் நாளில் அவரும் வந்து நிற்கிறார். அன்றைய காற்று கொண்டலா வாடையா, நீரோட்டம் எப்பக்கம் என்று அவர் சொல்வதற்குத் தனிப் பத்தி உண்டு. அதற்கு அவர் விதித்த நிபந்தனை ஒன்றே. எந்த ஆபீசருக்கு அந்த நோட்டைக் கொடுத்தாலும், அவர்கள் கண்டுபிடித்ததை ஊர்ப் பஞ்சாயத்தில் வந்து வாசித்துக் காட்ட வேண்டும்.