சுருள்வில்

ரொறொன்ரோவில் காரைத் தின்பது குளிரல்ல, உப்பு. பனி உருக வீதியில் கொட்டுவது அடியில் ஒட்டி இரும்பை அரிக்கும். 1996 வசந்தத்தில் எங்கள் பழைய கொறொல்லா குழிகளில் விழும்போதெல்லாம் முன்பக்கம் 'டொக்' என்றது. கோப்பை கழுவி முடித்து நடுச்சாமத்தில் நால்வர் வீடு திரும்புவது அதில்தான். கராஜில் கேட்ட காசு இரண்டு கிழமைச் சம்பளம்.

ஒரு ஞாயிறு, ஸ்காபரோவில் குடியிருந்த வீட்டு முற்றத்திலேயே ஜக் வைத்துத் தூக்கினோம். 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்களைப் பார்த்த துணிவு. ஆனால் மொறிஸின் முன்பக்கம் முறுக்குக் கம்பி. இதில் சொக் அப்சோபரைச் சுற்றிச் சுருள்வில் அமுங்கியே நிற்கும். அமுக்கிப் பிடிக்காமல் மேல் நட்டைக் கழற்றினால் ஆளைக் கொல்லும்.

அமுக்கம் இரட்டித்தால் சக்தி நான்கு மடங்கு. பாதியில் விட்ட பல்கலைக்கழகத்தில் அது வெறும் கணக்கு. இங்கே வாடகைக் கொழுவிகள் இரண்டை எதிரெதிரே மாட்டி, பக்கத்துக்கு அரைச் சுற்றாக முறுக்கினோம். கொழுவி ஒன்று துருவில் வழுக்கி 'கிறீச்' என்றது. நால்வரும் நிலத்தில் குப்புற விழுந்து கிடந்தோம், ஷெல்லுக்குப் படுக்கிற பழக்கத்தில். பக்கத்து வீட்டுக் கிழவி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

பொழுதுபட முடித்தோம். சக்கரக் கோணம் பார்க்க அதே கராஜுக்குத்தான் போகவேண்டியிருந்தது.