பன்றிக்கு எத்தனை ஜூல்?

"பெரம்பலூர் எங்கே இருக்கு தெரியுமா?" என்று சென்னையில் ஆபீஸ் நண்பர் ஒருவரைக் கேட்டேன். "தெரியாம என்ன? திருச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னாடி பஸ்ஸுல முழிப்பு வருமே, அந்த ஊர்தானே?" என்றார். பாவம், ஒரு மாவட்டத்துக்கே இதுதான் விலாசம்!

1995-ல் திருச்சியிலிருந்து பிரித்துப் பெரம்பலூரை மாவட்டமாக்கினார்கள். 2001-ல் அதிலிருந்து அரியலூர் தனிக்குடித்தனம் போனது. 2002-ல் மறுபடி கூட்டுக் குடும்பம். 2007-ல் மறுபடி தனிக்குடித்தனம். மாமியார் மருமகள்கூட இத்தனை தடவை சட்டி பானையைத் தூக்கியிருக்க மாட்டார்கள். ஆனால் வயலில் இறங்கிக் கேட்டால் இரண்டு மாவட்டத்துக்கும் புகார் ஒன்றுதான். காட்டுப்பன்றி.

என் மனைவியின் தம்பிக்கு வேப்பந்தட்டைப் பக்கம் மூன்று ஏக்கர். மேற்கே பச்சைமலை தெரியும். மானாவாரி கரிசல், மக்காச்சோளம். போன மாதம் போன் பண்ணினான்.

"மாமா, நீங்க நாலு விஷயம் தெரிஞ்சவங்க. குறைஞ்ச விலையில ஒரு சின்ன துப்பாக்கி... பன்னி சுடுற மாதிரி... எது நல்லாருக்கும்?"

நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே 'பேலன்ஸ்' பேலன்ஸ் ஷீட்தான். ஆனாலும் மைத்துனன் மதித்துக் கேட்கிறான், மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். "வர்றேன் மாப்ளே, நேர்ல பேசுவோம்" என்று பஸ் ஏறிவிட்டேன்.

காலையில் வயலைக் காட்டினான். கதிர் பால் பிடித்திருக்கிற நேரம். நடுவில் புல்டோசர் ஓட்டியதுபோல் ஒரு பாதை. பன்றி நாசூக்காகக் கதிரை மட்டும் கடித்துவிட்டுப் போகிற பிராணி இல்லை. தட்டையைச் சாய்த்து, பாதி தின்று, மீதியின் மேல் புரண்டு, குட்டிகளுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறது. விதை, உரம், மருந்து, கூலி எல்லாம் கூட்டுறவு சங்கக் கடன். என் கணக்கு மூளை தானாகவே பற்று வரவு போட ஆரம்பித்தது. பற்றுப் பக்கம் நீளமாக இருந்தது. வரவுப் பக்கம் பன்றி படுத்திருந்தது.

பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தான். ஏர்கன், பாயிண்ட் டூ டூ ரைஃபிள், நாட்டுத் துப்பாக்கி என்று மூன்று பெயர். கீழே 'பட்ஜெட் 15,000' என்று கோடு போட்டிருந்தான். "மூணாவது சரிப்படலைன்னா இருக்கவே இருக்கு, மாமா" என்று தலைக்கு மேலே போகிற கரண்ட் கம்பியைப் பார்த்தான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, சீட்டில் முதலில் இருந்ததைப் பார்ப்போம். திருச்சியில் ஒரு கடைக்குப் போனோம். ஏர்கன் சில ஆயிரத்திலிருந்தே கிடைக்கிறது. 4.5 மில்லிமீட்டர், அதாவது பாயிண்ட் ஒன் செவன் செவன் குழல். 20 ஜூலுக்குள் சக்தி இருந்தால் லைசென்ஸ் வேண்டாம் என்கிறது 2016-ம் வருட ஆயுத விதி. மைத்துனன் முகம் மலர்ந்துவிட்டது.

20 ஜூல் என்றால் எவ்வளவு? பிளஸ் டூவில் தூங்கியவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு கிலோ அரிசிப் பையை இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டால் வருகிற அடி. அவ்வளவுதான். வளர்ந்த ஆண் பன்றி நூறு கிலோ வரை இருக்கும். தோள்பட்டையில் கேடயம் மாதிரி கெட்டித் தோல் வேறு. ஏர்கன் குண்டு பட்டால் 'யாரோ கூப்பிடுகிறார்கள்' என்று திரும்பிப் பார்க்கும். திரும்பிப் பார்ப்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

இதை எனக்கு விளக்கியவர் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பாசிமணி விற்றுக்கொண்டிருந்த நரிக்குறவர் பெரியவர். அப்பா, தாத்தா காலத்திலிருந்து துப்பாக்கி பழகிய குடும்பம். என் மைத்துனனை ஏற இறங்கப் பார்த்தார். "சின்ன குண்டு பன்னிய கொல்லாது சாமி. கோவப்படுத்தும். அடிபட்ட பன்னி ஓடாது, புதர்ல படுத்துக்கும். காலையில களை எடுக்கப் போற பொம்பளதான் அது மேல மிதிப்பா." எந்த ஆயுதப் புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமாகப் படித்ததில்லை. நன்றிக்கு ஒரு ஊசிமணி வாங்கிக்கொண்டேன்.

அடுத்தது பாயிண்ட் டூ டூ. இது நிஜ ரைஃபிள். குழலுக்குள் திருகு வரி வெட்டியிருக்கும். குண்டு பம்பரம்போல் சுழன்றுகொண்டே போவதால் குறி தப்பாது. குண்டின் எடை இரண்டரை கிராம் சொச்சம். சக்தி 150 ஜூல் அளவில். ஏர்கனோடு ஒப்பிட்டால் ஏழெட்டு மடங்கு. முயல், அணில் என்று சின்னப் பிராணி சுடுவதற்கு அமெரிக்காவில் ஒவ்வொரு பண்ணை வீட்டிலும் மூலையில் சாத்தி வைத்திருப்பார்கள். பன்றிக்கு அங்கேயே இது போதாது என்பார்கள். நம்மூரில் இன்னொரு தகராறு. தோட்டா அட்டைப்பெட்டியிலேயே 'ஒரு மைல் வரை ஆபத்து' என்று எச்சரிக்கை போடுவார்கள். ஒரு மைல் என்றால் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல். பெரம்பலூர் மாவட்டத்தில் எந்த மக்காச்சோள வயலில் நின்று எந்தத் திசையில் சுட்டாலும் ஒன்றரை கிலோமீட்டருக்குள் ஒரு களம், ஒரு கோயில், ஒரு பம்ப்செட் ரூம், கயிற்றுக் கட்டிலில் ஒரு தாத்தா இருப்பார்.

கற்பனை இல்லை. 2021 டிசம்பர் 30-ம் தேதி, புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பக்கம். துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்திலிருந்து தப்பி வந்த ஒரு குண்டு, தூரத்தில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ம் தேதி இறந்துபோனான். அங்கே சுட்டவர்கள் பயிற்சி பெற்றவர்கள், இலக்குக்குப் பின்னால் மலை, பகல் வெளிச்சம். நம்ம ஆள் ராத்திரி ஒரு மணிக்கு, டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு சுடப் போகிறான்.

விலையும் 15,000-ல் அடங்காது. கலெக்டர் ஆபீஸ் மனு, போலீஸ் விசாரணை, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், பூட்டி வைக்க இடம். இரண்டாவது பெயரையும் பேனாவால் அடித்தான். எனக்கே பாவமாக இருந்தது.

மூன்றாவதில்தான் நான் எதிர்பார்க்காத விஷயம் கிடைத்தது. 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தில் 13-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். பயிர்ப் பாதுகாப்புக்கு என்றே ஒரு துப்பாக்கியைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள்! முகப்பு வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. நம்ம நாட்டுத் துப்பாக்கிதான். அது போதாது என்று அதிகாரி நினைத்தால் வேறொரு வழுவழுக் குழல் துப்பாக்கி தரலாம். ரைஃபிளை அந்த வரியில் காணோம். காரணம் எளிது. திருகு வரி இல்லாத குழலிலிருந்து கிளம்புகிற ரவை, கொஞ்ச தூரத்திலேயே சோர்ந்து விழுந்துவிடும். அடுத்த ஊர் தாத்தா பிழைத்துக்கொள்வார்.

அப்படி ஒன்று லைசென்ஸோடு அரியலூர்ப் பக்கம் என் பெரிய மாமனாரிடம் இருக்கிறது என்று மனைவி போனில் சொன்னாள். மறுநாள் காலை பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் பஸ். வழியெல்லாம் சிமெண்ட் லாரி. ஜன்னலோரம் உட்கார்ந்தால் இறங்கும்போது தலை நரைத்திருக்கும். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் இந்த ஊர் கடலடியில் இருந்ததாம். அந்தக் கடல் பிராணிகளின் ஓடுதான் சுண்ணாம்புக்கல்லாகி, இப்போது மூட்டையில் ஏறிப் போகிறது. தோண்டி முடித்த பள்ளங்களில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. "பன்னிக்கு ஏ.சி. ரூமே அதுதான்" என்றார் பக்கத்து சீட்காரர்.

பெரிய மாமனார் பரணிலிருந்து துப்பாக்கியை இறக்கினார். என் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. "கெட்டிக்கிறதக் காட்டுங்க மாமா" என்றேன். மருந்து போடாமல் வெறும் செய்கையில் காட்டினார். கருமருந்தை அளந்து குழல் வாயில் கொட்ட வேண்டும். தேங்காய் நார் வைத்துக் கம்பியால் இடிக்க வேண்டும். ரவை போட வேண்டும். மறுபடி நார், மறுபடி இடி. பின்னால் கேப் மாட்ட வேண்டும். அதற்குள் பன்றி சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டிருக்கும்.

பெரம்பலூருக்கு வடக்கே ரஞ்சன்குடிக் கோட்டை இருக்கிறதே, அதையொட்டிய வாலிகண்டபுரத்துப் பக்கம் 1751-ல் ஆங்கிலேயர் ஒரு புறம், சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு புறமாக மோதினார்கள். அன்றைக்கு அவர்கள் இடித்ததும் இதே இடிதான். கேப்புக்குப் பதில் சக்கிமுக்கிக் கல். ஆங்கிலேயப் படை பயந்து பின்வாங்கியது என்று சரித்திரம் சொல்கிறது. பன்றிக்குச் சரித்திரம் தெரியாது.

"இதுல எத்தனை பன்னி சுட்டிருப்பீங்க மாமா?"

"ஒண்ணுகூட இல்ல மாப்பிள்ளே" என்றார் பெரியவர், ரொம்ப சாதாரணமாக. "ரவையே போடறதில்ல. வெறும் மருந்து, நார். வானத்தைப் பாத்து ஒரு வெடி. பத்து நாளைக்கு அந்தப் பக்கம் வராது. பயிர்க் காவல்னா காவல்தானே? கசாப்புக் கடையா?"

லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். எலெக்ஷன் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். மூன்று தேர்தலும் அடுத்தடுத்து வந்தால் துப்பாக்கி வீட்டில் இருப்பதைவிட ஸ்டேஷனில் இருப்பதுதான் அதிகம். தேர்தல் நடத்தை விதி பன்றிக்குப் பொருந்தாது.

மைத்துனன் விடவில்லை. "நான் ரவை போட்டுச் சுட்டா என்ன பெரியப்பா?"

இங்கேதான் நான் பேச வேண்டியிருந்தது. துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேறு, பிராணியைச் சுட அனுமதி வேறு. முதலாவது கலெக்டர் ஆபீஸ், இரண்டாவது வனத்துறை. 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றியும் பாதுகாக்கப்பட்ட பிராணி. காகம், எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால் மட்டும் 'தொல்லைப் பிராணி' என்று தனி அட்டவணையில் இருந்தன. 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. மயிலைத் தொட்டாலோ குறைந்தது மூன்று வருஷம் உள்ளே! நிற்கிற பயிருக்கு ஆபத்து என்றால் சுட அனுமதி தரலாம் என்று 11-வது பிரிவு இருக்கிறது. ஆனால் எழுத்தில், அதிகாரி கையெழுத்தோடு. காட்டுப்பன்றியைத் தொல்லைப் பிராணியாக மத்திய அரசு 2015-ல் பீகாருக்கும் 2016-ல் உத்தராகண்டுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கு அறிவித்தது. கேரளா பல தடவை கேட்டும் கிடைக்காமல், 2022-ல் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்தது.

தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் சட்டசபையில் அறிவித்தார்கள். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை, பிடித்துக் காட்டில் விடவேண்டும். மூன்றுக்கு அப்பால் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள்தான். நீங்களோ நானோ இல்லை.

மைத்துனன் வயல் காட்டெல்லையிலிருந்து எவ்வளவு தூரம்? திரும்பியதும் பைக் மீட்டரில் அளந்தோம். 2.4. "அறுநூறு மீட்டர் தள்ளி வாங்கியிருந்தா சர்க்காரே சுட்டிருக்கும்" என்று தலையில் கை வைத்தான். காலையில் மலையடியில், ராத்திரி மூணு கிலோமீட்டர் தள்ளி என்று ஒரே பன்றி மூன்று மண்டலத்தையும் சுற்றி வருகிறது. அதற்கு மைல்கல் படிக்கத் தெரியாது.

அன்று ராத்திரி பம்ப்செட் திண்ணையில் உட்கார்ந்து அந்தக் கம்பி விஷயத்தைப் பேசினேன். வருஷம் தவறாமல் பேப்பரில் வருகிற செய்திதான். பன்றிக்குப் போட்ட திருட்டு மின்வேலியில் பக்கத்து வயல்காரர், தண்ணீர் பாய்ச்சப் போனவர், சில சமயம் போட்டவரே. பன்றி செத்தால் வனத்துறைக் கேஸ், மனுஷன் செத்தால் கொலைக் கேஸ், இரண்டுக்கும் பொதுவாக மின் திருட்டுக் கேஸ். அவுட்டுக்காய் வைத்தாலும் அதே கதை, மாடு கடித்தால் தாடை போய்விடும். மைத்துனன் பதில் சொல்லவில்லை. பீடியை அணைத்துவிட்டுக் கம்பியைப் பார்த்தான். ஏற்கெனவே கொக்கி வாங்கி வைத்திருக்கிறான் என்று அப்புறம் தெரிந்தது. மறுநாள் காலை அதை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

சோலார் வேலி வேறு சமாசாரம். நொடிக்கு ஒரு தடவை ஒரு துடிப்பு. 'சுரீர்' என்று இருக்கும், உயிர் போகாது. 2023-ல் தமிழ்நாட்டில் மின்வேலிக்குத் தனி விதி வந்துவிட்டது, பதிவு பண்ண வேண்டும். 15,000-க்கு மூன்று ஏக்கர் சுற்ற முடியாது. பக்கத்துக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் சுற்றளவும் குறையும், செலவும் பங்கு பிரியும். இதற்கு மட்டும் என் பி.காம். உதவியது. வேளாண் பொறியியல் துறையில் மானியம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். நஷ்டத்துக்கு வனச்சரகர் ஆபீஸில் மனு கொடுக்க, வி.ஏ.ஓ.வைக் கூட்டிப்போய் வயலைக் காட்டியாகிவிட்டது.

அதுவரைக்கும்? பெரிய மாமனார் சொன்ன வைத்தியம்தான். வயலைச் சுற்றிப் பழைய புடவை. காற்றில் ஆடினால் ஆள் நிற்கிறதென்று பன்றி தயங்குமாம். பழகிப் போவதற்குள் இடத்தை மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும். மூன்று ஏக்கருக்கு ஐம்பது, அறுபது புடவை தேவைப்படும். ஊரில் இருபத்தெட்டு சேர்ந்திருக்கிறது. "மாமா, அக்காகிட்ட இருந்தா..." என்று இழுத்தான்.

கேட்டேன். "எதைப் பழசுங்கறீங்க?" என்று பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.