சும்மா இருப்பதற்கு மாதச் சம்பளம்

சென்னையில் மரைன் டேங்க், அதாவது கடல்மீன் தொட்டி, மெயின்டனன்ஸ் செய்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. தொட்டி வைத்திருப்பவர்கள் வீட்டில் இருக்கும் நாள் அது ஒன்றுதான். நான் கூடப் போன மனிதர் கொளத்தூர்க்காரர். ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் ஒரு பெரிய வாளி, அதற்குள் சுருட்டிய ஹோஸ், சின்ன மோட்டார், டெஸ்ட் கிட் பெட்டி, பழைய துண்டுகள். பின்னால் இன்னொரு வண்டியில் உதவிக்கு ஒரு பையன். காலை ஏழரைக்குக் கிளம்பினால் இரவு வரை ஐந்தாறு வீடுகள்.

கொளத்தூரில் வண்ணமீன் என்றால் அநேகமாக நன்னீர் மீன்தான்: கப்பி, மோலி, கோல்டு, ஃபைட்டர். இவருடைய அப்பாவும் மொட்டைமாடியில் சிமென்ட் தொட்டி கட்டி மோலி வளர்த்து விற்றவர். உப்புத் தண்ணீர்ப் பக்கம் வந்தது மகன்தான். "அதுல மீன் வித்தா காசு. இதுல மீன் சாகாம இருந்தா காசு" என்றார், சிக்னலில் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு.

முதல் வீடு திருவான்மியூரில், நான்காவது மாடி. பால்கனியில் நின்றால் கடல் தெரிகிறது. வரவேற்பறைச் சுவரை ஒட்டி நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் தொட்டி. கிட்டத்தட்ட 450 லிட்டர். பத்து வருஷத்துக்கு மேல் கலைக்காமல் ஓடுகிறது. ஆரம்பத்தில் விட்ட இரண்டு கோமாளி மீன்கள் இன்னும் இருக்கின்றன. பெரியது பெண், சிறியது ஆண். இந்த இனத்தில் எல்லாமே ஆணாகப் பிறந்து, கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். நல்ல தொட்டியில் 20 வருஷம் தாண்டியும் வாழக்கூடிய மீன். பெரும்பாலான வீடுகளில் அது செத்துப்போவது முதல் சில மாதங்களுக்குள். மீனை விட்டதும் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லிலும் மணலிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார யாருக்கும் பொறுமை இல்லை.

இவர் உள்ளே நுழைந்ததும் எதையும் தொடவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டி எதிரே உட்கார்ந்துவிட்டார். பையன் மட்டும் கீழே இருந்த அலமாரியைத் திறந்து, சம்ப் எனும் வடிகட்டும் கீழ்த்தொட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டான். மோட்டார் சத்தம் மாறியிருந்தால் உள்ளே சுண்ணாம்பு படிந்திருக்கிறது அல்லது நத்தை மாட்டியிருக்கிறது என்று அர்த்தமாம். பத்து நிமிஷம் போயிருக்கும். வீட்டுக்கார அம்மா காபியோடு வந்து, "என்ன தம்பி, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார். "ஆரம்பிச்சுட்டேம்மா" என்றார் இவர்.

அது பொய்யில்லை. பவளங்கள் விரிந்திருக்கின்றனவா, மீன் மூச்சு வாங்குகிறதா, கல்லிடுக்கில் ஐப்டேசியா முளைத்திருக்கிறதா என்று அந்தப் பத்து நிமிஷத்தில் பார்த்துவிட்டார். ஐப்டேசியா என்பது களை போலப் பரவும் ஒரு சின்னக் கடல் சாமந்தி. பிய்த்தால் விட்டுப்போன துணுக்கு ஒவ்வொன்றும் புதிதாக முளைக்கும். ஒன்று இருந்தது. பேனாவால் அதன் இடத்தை நோட்டில் குறித்துக்கொண்டதோடு சரி. உள்ளே இருக்கும் பெப்பர்மின்ட் இறால் அதைத் தின்னுமா என்று ஒரு வாரம் பார்ப்பாராம்.

அடுத்தது தண்ணீர். இந்த வீட்டுத் தண்ணீரின் கதையை நான் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். தென்சென்னையின் பல பகுதிகளுக்கு நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கி அனுப்புகிறார்கள். 2013-இல் தொடங்கிய முதல் ஆலைக்கு மட்டும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன். அப்படி உப்பு நீக்கி, குழாயில் வந்து சேர்ந்த தண்ணீரை இவர் பால்கனியில் உள்ள ஆர்.ஓ. கருவியிலும் அதற்கடுத்த ரெசின் குடுவையிலும் விட்டு, டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும்வரை வடிகட்டுகிறார். பிறகு அதிலேயே லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் கணக்கில் கடல் உப்புக் கலவையைக் கொட்டிக் கலக்குகிறார். எதிரே வங்காள விரிகுடா.

"ஒரு வாளி மொண்டு ஊத்திட்டா?" என்று கேட்டேன். சிரித்தார். வடக்கே கொஞ்ச தூரத்தில் அடையாறு முகத்துவாரம். மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீரும் சாக்கடையும் கலந்து கரையோர உப்பளவே மாறிவிடும். வாரத்துக்கு ஒரு குணம் உள்ள தண்ணீரை நம்பி 450 லிட்டரை ஒப்படைக்க முடியாது. டிரம்மில் கலந்து வைத்திருந்ததில் ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டரில் விட்டு ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணை வைத்தார். ஒப்படர்த்தி 1.025. தொட்டித் தண்ணீரும் அதே. நாற்பது லிட்டரை உறிஞ்சி எடுத்துவிட்டு நாற்பது லிட்டரை மெதுவாக ஊற்றினார்கள். வாரத்தில் பெரிய வேலை என்றால் இதுதான்.

இடையில் ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு உப்பே போடக் கூடாது. போவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே நிற்கும். குறைகிறதே என்று உப்புத் தண்ணீரையே விட்டு நிரப்பி, இரண்டு மாதத்தில் தொட்டியை உப்பளமாக்கிய வீடுகளை இவர் பார்த்திருக்கிறார்.

குறையும் நீரை ஈடுகட்ட இங்கே ராத்திரியில் சொட்டுச் சொட்டாக விடுவது சுண்ணாம்புத் தெளிநீர். பவளத் தொட்டிக்குச் சுண்ணாம்பு நீரை 1970-களில் பரப்பியவர் சுவிட்சர்லாந்தின் பீட்டர் வில்கன்ஸ். இன்றும் உலகெங்கும் ஜெர்மன் பெயரிலேயே அதைக் ‘கால்க்வாசர்’ என்கிறார்கள். கால்சியமும் கிடைக்கும், விளக்கணைந்த பிறகு கரியமில வாயு கூடித் தண்ணீரின் பி.ஹெச். இறங்குவதையும் அது தாங்கிப் பிடிக்கும். அம்மாவுக்கு இதில் பழைய சந்தேகம் ஒன்று. "வெத்தலைக்குப் போடறதுதானே தம்பி? நானே தரேனே." "அதேதாம்மா. ஆனா கடைக்காரன் அதுல வேற என்ன கலந்தான்னு மீனுக்குத் தெரியாது."

சுண்ணாம்புக்கும் பவளத்துக்கும் நம் கரையில் வேறொரு உறவும் உண்டு. மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகள் பவளப் பாறையை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அனுப்பினார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி இரண்டும் நீருக்குள் போய்விட்டன. அந்த வெட்டுதலே முக்கியக் காரணம் என்கிறார்கள். 2001-இல் கல்பவளங்கள் எல்லாவற்றையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கும் யானைக்கும் உள்ள அதே இடம். அதனால் இந்தத் தொட்டியில் நம் கடலின் கல்லும் கிடையாது, கல்பவளமும் கிடையாது. அடுக்கியிருப்பது சூளையில் சுட்ட செயற்கைக் கல். மேலே ஊதா நிறப் பாசி படர்ந்துபோய் இப்போது யாருக்கும் வித்தியாசம் தெரியாது. வளர்வது காளான் பவளம், தோல் பவளம், சோவாந்தஸ் போன்ற மென்வகைகள். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கல் வருது, வேணுமா என்று ஃபோனில் கேட்பவர்கள் உண்டு. இவர் பதில் சொல்லாமல் வைத்துவிடுகிறார். கோமாளி மீனைப் பொறுத்தவரை அந்தச் சங்கடமே வேண்டாம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தாரும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் அதைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை எப்போதோ கைவரப்பெற்றுவிட்டார்கள்.

சோவாந்தஸ் அதிகம் வளர்ந்து பக்கத்துக் கல்லுக்குத் தாவியிருந்தது. பையன் கண்ணாடி மாட்டி, முழங்கை வரை கையுறை போட்ட பிறகே கல்லை வெளியே எடுக்க விட்டார். அந்தக் குடும்பத்துப் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் இருக்கிறது; உயிரினங்களில் கிடைக்கும் மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. 2018-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் வீட்டுத் தொட்டியின் பவளத்தைக் கழுவிய ஒரு குடும்பமும், உதவிக்குப் போன தீயணைப்பு வீரர்களும் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதாயிற்று. கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் வேகவைப்பதுதான் இருப்பதிலேயே மோசம், ஆவியே போதும். மாதச் சம்பளத்துக்கு வரும் பையன்களுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பது இவருடைய கோபம். இவருடைய விரல்களில் வெள்ளைக் கோடுகளாகப் பழைய வெட்டுகள். உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி ஆறத் தாமதமானவை.

அலமாரிக்குள் ஒரு தட்டு நிறையக் குப்பிகள். அயோடின், ஸ்ட்ரான்சியம், அமினோ அமிலம், ஒவ்வொன்றிலும் பளபளக்கும் பவளப் படம். வீட்டுக்காரர் ஆசை ஆசையாக வாங்கியவை. பாதிக்கு மேல் சீல் உடைக்கவில்லை, உடைக்க விடவில்லை. ஆல்கலினிட்டி டெஸ்டில் வந்த எண் போன வாரத்தோடு ஒத்துப்போனது. நோட்டில் எழுதினார், மூடி வைத்தார். பத்து வருஷ நோட்டுகளைப் புரட்டினேன்: ஒரே எண்கள், பக்கம் பக்கமாக. இதைவிட அலுப்பான ஏடு இருக்க முடியாது. அந்த அலுப்பைக் காப்பாற்றத்தான் இவருக்குச் சம்பளம் என்று எனக்கு அங்கே புரிந்தது. வாரா வாரம் ஏதாவது ஊற்றுகிறவன் கையில் தொட்டி நிலைக்காது. தெரிந்துகொண்டே ஊற்றாமல் இருப்பவனுக்குத்தான் அது நிலைக்கிறது.

ஆனால் ஊற்றாததற்கு யார் பணம் தருவார்கள்? இதற்கு அவர் கண்டுபிடித்திருக்கும் வழி சாமர்த்தியமானது. முன் கண்ணாடியில் படிந்த பாசியை வந்தவுடன் சுரண்டுவதில்லை. எல்லா வேலையும் முடிந்து, வீட்டுக்காரர் குளித்துவிட்டு ஹாலுக்கு வரும் நேரம் பார்த்துத்தான் பிளேடை எடுக்கிறார். "கண்ணாடி பளிச்சுன்னு ஆனாத்தான் சார் வேலை நடந்த மாதிரி. ஸ்கிம்மர் கப்பைக் கழுவினதை யார் பார்த்தா?" ஸ்கிம்மர் கப்பை நான் பார்த்தேன். நுரையோடு பிரிந்து வந்த ஒரு வாரக் கழிவு, கறுத்த டிக்காஷன் நிறம், குமட்டும் வாடை. அது கப்பில் சேராமல் இருந்திருந்தால் தொட்டிக்குள் சேர்ந்திருக்கும்.

மழைக்காலம் நெருங்கினால் பேச்செல்லாம் கரன்ட்டைப் பற்றித்தான். 2016 டிசம்பர் வர்தா புயலில் நகரத்தின் பல பகுதிகளில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டார் நின்றால் தண்ணீரில் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் சரியத் தொடங்கும். அந்தப் புயலில் இவர் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் பல தொட்டிகள் போயின. இந்தத் தொட்டி பிழைத்ததற்குக் காரணம் வீட்டுக்கார அம்மா. ராத்திரி முழுக்க ஒரு செம்பில் தண்ணீரை மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தாராம். இப்போது எல்லா வீட்டிலும் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறார். கிளம்பும் முன் பையன் ப்ளக்கைப் பிடுங்கி அது தானாக ஓடுகிறதா என்று சோதித்தான். ப்ளக் பாயின்டைச் சுற்றிப் பூத்திருந்த உப்பை ஈரத் துணியால் துடைத்து, ஒயர் தொங்கும் வளைவு சாக்கெட்டுக்குக் கீழே இருக்கும்படி சரிசெய்தான். ஒயர் வழியே வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

வீட்டுக்காரர் செல்போனை நீட்டினார். நீல டேங் மீன், ‘ஃபைன்டிங் நீமோ’ படத்தில் டோரியாக வருமே, அது. "பையன் கேக்கறான். ஒண்ணே ஒண்ணு விடலாமா?"

ஓரடி வரை வளரும், நாள் முழுக்க நீந்தும் மீன். நாலடித் தொட்டி அதற்குச் சிறை. இதையெல்லாம் அவர் விளக்கவில்லை.

"அடுத்த வாரம் பாக்கலாம் சார்" என்றார்.

லிஃப்ட்டில் இறங்கும்போது கேட்டேன், எத்தனை வருஷமாக இதைச் சொல்கிறீர்கள் என்று. "பையன் ஒண்ணாவது படிக்கும்போது ஆரம்பிச்சது. இப்ப பிளஸ் ஒன்" என்றபடி வாளியை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினார். அடுத்த வீடு பெசன்ட் நகர்.