புழுதியில் விதைக்கிற ஊர்... முதல் வரி எழுதத் தயங்குபவர்களுக்கு ஒரு கரிசல் பயணம்!

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நான்குவழிச் சாலையில் காரியாபட்டியைத் தாண்டினால், மண் கறுக்க ஆரம்பிக்கிறது. இருபுறமும் சீமைக்கருவேலம், நடுநடுவே பனை. அருப்புக்கோட்டை வருவதற்குள் தண்ணீர் பாட்டில் காலியாகிவிடும். நாங்கள் போனது புரட்டாசியில். வானத்தில் பேருக்குக்கூட மேகமில்லை. ஆனால், வெடித்துக் கிடந்த நிலத்தை உழுது, காய்ந்த புழுதிக்குள் விதை போட்டுக்கொண்டிருந்தார்கள்!

நகரத்தில் வளர்ந்த எனக்கு அது புரியவே இல்லை. டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"மழையே இல்லையே ஐயா, விதை வீணாப் போயிடாதா?"

"மழை பேஞ்ச பிறகு இந்த மண்ணுக்குள்ள கால் வைக்க முடியுமா தாயி? சகதியா ஒட்டிக்கிடும். வரப்புல நின்னு வேடிக்கைதான் பாக்கணும். ஈரம் வாரப்போ விதை உள்ள இருக்கணும்ல?"

இதற்குப் பெயர் புழுதி விதைப்பு. விருதுநகர் மாவட்டத்தில் வருடத்துக்குப் பெய்வது ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டித் தீர்ந்துவிடும். மழை வந்தபிறகு ஏர் பூட்டினால், நிலம் காய்ந்து கால் வைக்கும் பதத்துக்கு வருவதற்குள் பாதி ஈரம் போய்விடும். அதனால் சோளம், பருத்தி, உளுந்து போன்றவற்றை முன்கூட்டியே விதைத்துவிடுகிறார்கள். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சுமார் இரண்டு அங்குல ஆழத்தில் போட்டால், சும்மா ஒரு தூறலுக்கெல்லாம் விதை ஏமாந்து முளைக்காது. நல்ல மழை இறங்கினால்தான் கண் திறக்கும். வறட்சியைத் தாங்குவதற்காக விதையை உப்புக் கரைசலில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைக்கும் 'கடினப்படுத்தும்' முறையையும் வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. அதன் மண்டல ஆராய்ச்சி நிலையம் ஒன்று அருப்புக்கோட்டையிலேயே இருக்கிறது.

எல்லா வருடமும் இது பலிப்பதில்லை. முதல் மழையில் முளைத்து, அடுத்த மழை வராமல் கருகிப்போவதும் உண்டு. அப்போது மறுவிதைப்பு. "போன வருசம் ரெண்டு தடவை போட்டேன்" என்று அந்தப் பெரியவர் சொன்னபோது, குரலில் சலிப்பு இருந்ததே தவிர ஆச்சர்யம் இல்லை.

என்னுடன் வந்த தோழி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு டீ கிளாஸையே பார்த்தபடி இருந்தாள். காரணம் இருக்கிறது. திருச்சுழிப் பக்கம் இருக்கும் அவளுடைய அம்மாச்சியின் வாழ்க்கையை நாவலாக எழுதப்போவதாக நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இரண்டு நோட்டு நிறைய குறிப்புகள், செல்போனில் மணிக்கணக்கில் குரல் பதிவுகள், வம்சாவளி அட்டவணை எல்லாம் ரெடி. முதல் அத்தியாயத்தின் முதல் வரி மட்டும் இல்லை. கேட்டால், "இன்னும் கொஞ்சம் தகவல் சேரட்டும்டி" என்பாள். இதற்கிடையில் அம்மாச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது. பேத்திகளின் பெயரை மாற்றி மாற்றிக் கூப்பிட ஆரம்பித்திருக்கிறார். இந்தமுறை நாங்கள் கிளம்பியதே அந்தப் பயத்தில்தான்.

தள்ளிப்போடுகிறவர்களின் மந்திரச்சொல் 'பிறகு'. அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து 1979-ல் முதல் நாவலை வெளியிட்டவர் கோவில்பட்டிப் பக்கத்துப் பூமணி! இந்தக் கரிசல் வட்டாரம் இத்தனை எழுத்தாளர்களைக் கொடுத்திருப்பது எப்படி என்று யோசித்தால், யாருமே வசதியான நேரத்துக்காகக் காத்திருந்ததாகத் தெரியவில்லை. இதே மாவட்டத்து மேலாண்மறைநாட்டில் மளிகைக்கடை நடத்திய மேலாண்மை பொன்னுச்சாமியின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. 'மின்சாரப்பூ' சிறுகதைத் தொகுப்புக்காக 2007-ல் அவருக்கு சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. இடைசெவலில் விவசாயியாக இருந்த கி.ராஜநாராயணனின் முதல் கதை 1958-ல் 'சரஸ்வதி' இதழில் வந்தபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. 'கோபல்ல கிராமம்' நாவல் வந்தது 1976-ல், ஐம்பது வயதுக்கு மேல்! "அப்ப எனக்கு இன்னும் இருபத்தஞ்சு வருஷம் இருக்கு" என்றாள் தோழி. உனக்கு இருக்கிறது, அம்மாச்சிக்கு? நான் கேட்கவில்லை. அவளுக்கே தெரியும்.

அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெருக்களைப் பார்க்காமல் வரக்கூடாது. விசைத்தறிச் சத்தம்தான் இப்போது அதிகம். கைத்தறி இருக்கும் வீட்டைத் தேடிப் போகவேண்டும். ஒரு வீட்டில் அச்சு பிணைத்துக்கொண்டிருந்தார்கள். தறியில் ஒரு பாவு தீர்ந்ததும் எல்லாவற்றையும் அறுத்து எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதில்லை. பழைய இழைகளின் நுனியை அச்சிலேயே விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதனோடு சேர்க்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். விரல்கள் போகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே, அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திவிடுவாராம். மறுநாள் வெறும் தாளில் தொடங்கவேண்டிய அவஸ்தை இல்லை. அவர் தறி பார்த்திருக்க மாட்டார். ஆனால், விஷயம் ஒன்றுதான்.

அங்கிருந்து கிழக்கே திருச்சுழி. குண்டாற்றில் மணல்தான் தெரிந்தது. சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயில் உள்ளே குளுகுளுவென்று இருக்கிறது. பக்கத்திலேயே 1879-ல் ரமண மகரிஷி பிறந்த வீடு, 'சுந்தர மந்திரம்' என்ற பெயரில் பராமரிக்கப்படுகிறது. திருவண்ணாமலையில் அவர் பேசாமல் இருந்த காலத்தில், சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு எழுதிக் காட்டிய பதில்கள்தான் பின்னாளில் 'நான் யார்?' என்ற நூலானது. புத்தகம் எழுதவேண்டும் என்று உட்காராமலே ஒரு புத்தகம்! தோழி அந்த வீட்டுத் திண்ணையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். தியானம் என்று நினைத்தேன். பார்த்தால், நோட்டின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

மாலையில் அம்மாச்சி வீடு. கம்மங்கூழ், சுட்ட மோர் மிளகாய். கூழ் குடித்து முடித்ததும் தோழி நோட்டை எடுத்து, தயங்கித் தயங்கி வாசித்தாள். மொத்தமே மூன்று வரி. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி விடிகாலையில் குடத்தோடு கிணற்றுக்கு நடப்பதாக ஆரம்பம்.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அம்மாச்சி சட்டென்று நிமிர்ந்தார்.

"கெணறா? எந்தக் கெணறு? அது ஊருணி தாயி. அந்த வருசம் கெணத்துல ஏது தண்ணி? ஊருணியில ஊத்துத் தோண்டி, செரட்டையால மோந்து மோந்து ஊத்தணும். ஒரு கொடம் நெறைய பொழுது விடிஞ்சிரும். அந்தா, எங்கூட ஒருத்தி வருவா... அவ பேரு..."

பெயர் வரவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். தோழி 'கிணறு' என்ற சொல்லை அடித்துவிட்டு 'ஊருணி' என்று எழுதினாள். ஓரத்தில் 'சிரட்டை' என்று குறித்துக்கொண்டாள். கூட வந்தவளின் பெயருக்குக் கொஞ்சம் இடம் விட்டு, அடுத்த வரிக்குப் போனாள்.